ஒடியக்கூடாத கொழுந்து

முதலில் பல்.
ஐந்தாம் மாதம், கடைவாயில் பாதி உடைந்தது.
கிராம்பைக் கடித்துக்கொண்டு மலைக்குப் போனேன்.
பிறகு காய்ச்சல்.
பின்னேரம் வரும், விடியப் போய்விடும்.
பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுகிற நேரம்
நான் நல்ல மனுஷி.
டிஸ்பென்சரியில் பன்னிரண்டு பனடோல்.
"மழையில நனைஞ்சா வராதா?"
மஸ்கெலியாவில் நனையாத நாளை
எந்தக் கலண்டரில் தேடுவது.

மூன்று கிழமை அரைப்பேர்.
படியேறினால் மூச்சு
இரண்டு படி பின்னால் வந்தது.
உள்ளே இருப்பவர் பெரிய ஆள் போல என்று
கொழும்பிலிருந்து மோகனதாஸ் போனில் சிரித்தார்.

மிட்வைப் மிஸ்ஸிதான் கையைத் திருப்பிப் பார்த்தார்.
தேயிலைக் கறை, எல்லாருக்கும் உள்ள கறுப்பு.
தேசிக்காய்த் தோலால் தேய்த்தார்.
கறை போன பிறகும் போகாமல்
நகத்துக்கடியில் நாலு கோடு,
சிராய் ஏறினதுபோல், செம்மண் நிறத்தில்.
"சின்னதில மூட்டு வீங்கினதா?"
ஒன்பது வயதில். மாசாமாசம் ஊசி.
"ஏன் நிப்பாட்டினீங்க?"
கிளினிக்குக்கு இரண்டு பஸ். அம்மாவுக்கு ஒரு பேர் நட்டம்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வெளியே போய்க் கொழுந்து லொறியை மறித்தார்.

கண்டியில் ஊசிக்கு முன்னால்
மூன்று தரம், மூன்று இடத்தில் இரத்தம் எடுத்தார்கள்.
நெஞ்சில் பசை பூசி ஸ்கேன் பார்த்த டொக்டர்
சிங்களத்தில் சொன்னதில் ஒரு சொல் தெரிந்தது:
கபாட.
மாரியம்மன் கோயிலில் திரை விலகும்போது
பூசாரி பாடுவாரே, கபாடம். கதவு.
என் நெஞ்சிலும் உண்டாம், சரியாகச் சாத்தாதாம்,
எங்கள் காம்பிராக் கதவு மழைக்கு ஊதி
இரவெல்லாம் நிலையில் இடிக்குமே, அப்படி.
அக்குறணைத் தாதி ரிஸ்லானா விரலை ஆட்டிக் காட்டினார்:
"அதில கிருமி முளை மாதிரித் தொங்குது.
ஒடிஞ்சா இரத்தத்தோட மூளைக்கும் போகும்,
எங்கயும் போகும்."

கொழுந்து.
பதினேழு வயதிலிருந்து ஒடிக்கிறேன்,
இரண்டு இலை ஒரு மொட்டு,
கண்ணை மூடிக்கொண்டும் ஒடிப்பேன்.
இப்போது ஒன்றே ஒன்று ஒடியக்கூடாதென்று
தும்மலுக்கும் பயந்து மல்லாந்து கிடந்தேன்.

நாலு மணிக்கொரு ஊசி, ஆறு கிழமைக்கு.
சாமத்து ஊசிக்குப் பிறகு வயிற்றில் கருவி வைப்பார்கள்.
தகரத்தில் தூறல் விழுகிற வேகத்தில்
அவளுடைய நெஞ்சு.
மருந்து பிள்ளைக்கும் போகுமா?
"போகும்."
கெடுதலா?
"ஒரு மருந்து காதைத் தொடக்கூடியது. குறைச்சிருக்கு.
பொறந்ததும் பார்ப்பம்."
ரிஸ்லானா பொய் சொல்லமாட்டார்.
சில இரவுகளில் சொல்லியிருக்கலாம்.

நாலாம் கிழமை ஒரு துண்டு ஒடிந்தது.
வலிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது.
இடது கை யாருடையதோ போலக் கிடந்தது.
பேர் கேட்டார்கள். யோகநாயகி என்றேன்.
இன்னொரு தரம் கேட்டார்கள்.
அன்றிரவே பிள்ளையை எடுத்தார்கள்,
முப்பத்தொரு கிழமையில்.

ஒன்றரைக் கிலோ.
எங்கள் தராசில் சாக்குக்கும் ஈரத்துக்கும்
இரண்டு கிலோ கழிப்பார்கள்.
கழித்தால் இவள் இல்லை.
கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு
கழிபடாமல் கிடந்தாள்.
வலது கையை உள்ளே விட்டேன்.
என் கறைபட்ட சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் ஆகிறது.
கதவை மாற்றக் கொழும்பில் வரிசை.
எனக்கு ஒரு இலக்கம் தந்திருக்கிறார்கள்.
இடது கையில் மூன்று விரல் திரும்பி வந்தது,
கொழுந்துக்குப் போதாது, பிள்ளையைத் தாங்கப் போதும்.
அவளுக்கு ஒரு காது சரியாம்.
மற்றதற்குத் திரும்பக் கூட்டிவரச் சொன்னார்கள்.

லீவில் வந்த மோகனதாஸ்
காம்பிராக் கதவைச் சீவ
இழைப்புளி இரவல் வாங்கி வந்தார்.
கிளினிக் நாள் வரைக்கும் விடுங்க என்றேன்.
காற்றுக்கு அது இடிக்கிற ஒவ்வொரு தரமும்
இவள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.