முப்பது டிகிரிக்குக் கீழே

பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்து:
முப்பது டிகிரிக்குக் கீழே வைக்கவும்.
பேர்ணாம்பட்டில், கத்திரி வெயிலில்,
எங்கே வைக்க?
இரவு பதினொன்றுக்கும் கொதி அடங்காத
ஆஸ்பெஸ்டாஸ் வீடு.
பக்கத்துப் போர்ஷனில் ஃபிரிட்ஜ் இருக்கிறது.
பரிமளா எதையும் பிரித்துப் பார்ப்பவள்.
பாலிதீன் சுற்றி, தண்ணீர்க் குடத்தடியில்
ஈர மணலில் புதைத்தேன்
மூன்று நாள்.

என் வேலை செக்கிங்.
ஒரு நாளைக்கு நானூறு ஜோடி ஷூ
என் விளக்கடியில் வந்து போகும்.
அங்குலத்துக்கு எட்டுத் தையல்,
ஏழு இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர்.
ஜெர்மனியில் யாரோ ஒருத்தியின் கால் நனையாமலிருக்க
என் கண்ணுக்குச் சம்பளம்.

பெட்டியையும் அப்படித்தான் பார்த்தேன்.
பேட்ச் எண் உண்டு.
காலாவதிக்கு இன்னும் ஏழு மாதம்.
உறை கிழியவில்லை.
தமிழ்த் தாளில் 'குருதி' என்றிருந்தது,
ரத்தம் என்றே எழுதியிருக்கலாம்,
பயம் ஒன்றும் கூடியிருக்காது.

மோதிர விரலில் ஒரு குத்து.
மிஷின் ஊசியே ஏறி இறங்கிய விரல்,
இதற்குப் போய்க் கூசியது.
ஒரு சொட்டு நான்,
இரண்டு சொட்டு அவர்கள் தந்த மருந்துத் தண்ணீர்.
செல்போனில் இருபது நிமிஷம் வைத்தேன்.
நைட் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துப் போனது.
பரிமளா வீட்டில் யாரோ இருமினார்கள்.

மணி அடித்தபோது
கோடே இல்லை.
வர வேண்டிய கோடும் இல்லை,
வரக்கூடாத கோடும் இல்லை.
சந்தோஷப்படலாமா?
வேறொருத்தி பட்டிருப்பாள்.
நூலே ஓடாத இடத்தில்
தையல் சரி என்று
நான் எப்படிச் சொல்வேன்?

தாளின் கடைசியில் ஒரு நம்பர்.
இந்நேரத்துக்கு யார் எடுப்பார்கள் என்று போட்டேன்,
எடுத்தாள்.
பெயர் தெபொராள், வேலூரிலிருந்து.
குரலில் தூக்கம் இருந்தது, சலிப்பு இல்லை.
யாரால், எதற்காக, கல்யாணம் ஆனவளா,
ஒன்றும் கேட்கவில்லை.
"மூணு மாசம் தாண்டிடுச்சா?" மட்டும் கேட்டாள்.
நூற்றியோரு நாள் என்றேன்.
கொஞ்சம் மௌனம்.
எண்ணிக்கொண்டே இருப்பவள் என்று
புரிந்திருக்கும்.

"முதல் கோடு வரலன்னா
அது உங்களப் பத்தி எதுவுமே சொல்லல.
கிட்டு செத்துப்போச்சு, அவ்ளோதான்.
வெயில்ல எங்கியோ கெடந்திருக்கும்.
உங்க மேல தப்பு இல்ல."

மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரி
மேற்குப் பார்த்தது என்று
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
கடைசி வாக்கியத்தை நம்பவில்லை.
ஆனாலும் வைத்துக்கொண்டேன்.

"பேட்ச் நம்பர் சொல்லுங்க, புகார் எழுதணும்.
அந்தக் கடையில மீதி இருக்கறதயும் எடுக்கச் சொல்லணும்."
வெளிச்சத்தில் பிடித்து
ஒவ்வோர் எழுத்தாய்ப் படித்தேன்.
பதினொரு வருஷத்தில்
எனக்காக நான் ஒட்டிய
முதல் சிவப்பு ஸ்டிக்கர்.

"குடியாத்தம் ஆஸ்பத்திரியில நம்பிக்கை மையம் கீது.
புதுக் கிட்டுல ரெண்டு கோடு வந்தாலும்
அதுவே முடிவில்ல, அங்க மறுபடி பாக்கணும்.
மாத்திரைக்குக் காசு இல்ல.
சனிக்கிழமை நானும் வரட்டா?"

வேண்டாம் என்றேன்.
வைத்த பிறகு திரும்பக் கூப்பிட்டு
வாங்க என்றேன்.

சனிக்கிழமை அரை நாள் லீவு, காரணம்: பல்வலி.
மையத்து வாசலில் மஞ்சள் குடையோடு
என்னைவிடச் சின்னவளாய் ஒருத்தி நின்றாள்.
உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு திரை, குப்பைக்கூடை.
சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டியிருந்தது.
உட்காருவதற்கு முன்
கிட்டப் போய்ப் பார்த்தேன்.
இருபத்தெட்டு.