அறையின் சத்தம்

படப்பிடிப்பு முடிந்து விளக்கை அணைக்குமுன்
பெலிசியா மச்சாடோ கையை உயர்த்துவாள்:
"ஒரு நிமிஷம். யாரும் அசையாதீங்க."
நான் மைக்கைப் பிடித்தபடி நிற்பேன்.
ஆட்கள் பேசாதபோது
அறை என்ன பேசுகிறதோ அது பதிவாகும்.
வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையில்
ஓட்டை விழும் இடங்களை அடைக்க உதவும்.
வேறொன்றுக்கும் உதவாது.

முதல் படம் கொட்டாஞ்சேனையில்.
அவளுடைய ஸ்கூட்டரும்
என் மனைவி கட்டிய சீட்டும் அதில் போயின.
மூன்றாம் மாடி, நாள் வாடகைக்கு ஒரு வீடு.
அவள் "ஒரு நிமிஷம்" என்றதும்
வீட்டுக்காரர் ஞானப்பிரகாசம்
கதிரையை விட்டு எழுந்தார்.
கையைக் கட்டினார். தலையைக் குனிந்தார்.
முடிந்தபின் மெதுவாகக் கேட்டார்:
"யாருக்காகத் தங்கச்சி?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
பிறகு என்னிடம்,
"இன்னொரு தரம் எடு."
இந்தமுறை எல்லோரும் எழுந்து நின்றோம்.

இரண்டாவது படத்தின்போது
வெள்ளவத்தைச் சோதனைச் சாவடி, இரவு பதினொன்று.
மினிடிஸ்க்கைப் போடச் சொன்னார் சார்ஜன்ட்.
ஹெட்போனை ஒரு காதில் அழுத்திக்கொண்டு
நெடுநேரம் கேட்டார்.
"ஒன்றுமே இல்லையே, எதற்குப் பதிந்தாய்?"
ஒன்றுமில்லாததைத்தான் சேர், என்றேன்.
அதற்காகவே விடியும்வரை உட்காரவைத்தார்கள்.
எனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில்
ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.
என்ன எழுதியிருந்ததென்று
இன்றுவரை தெரியாது.

மூன்றாவதற்குத்தான் விருது.
பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில்
எழுந்து நின்று கைதட்டினார்களாம்.
கட்டுநாயக்கவில் சுங்க அதிகாரி
சிலையைக் கையில் எடை பார்த்து
"பித்தளையா? விற்கவா?" என்றார்.
பத்திரிகைகள் கொழும்பின் மகள் என்றன.
கொழும்பில் அது நான்கு நாள் ஓடியது,
காலைக் காட்சி மட்டும்,
தணிக்கைச் சபை வெட்டியது போக மீதி.
நாலாம் நாள் ஏழு பேர்.
மூவர் நாங்கள்.
ஒருவர் ஏஸிக்கு வந்து நன்றாகத் தூங்கினார்.

வெளிநாட்டு விமர்சகர் ஒருவர்
என் மௌனத்தைப் பாராட்டி இரண்டு பக்கம் எழுதினார்.
சமையலறைக் காட்சியில்
போரின் நீண்ட முணுமுணுப்புக் கேட்கிறதாம்.
அது பிரிட்ஜ்.
பெலிசியா சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்தினாள்.
பிறகு சிரிப்பு நின்று,
"அவன் சொல்றதும் பிழையில்ல" என்றாள்.

ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில்
ஐந்து வருஷம், ஆறு வருஷம்.
அவற்றை விருதுப் பட்டியலில் எழுதுவதில்லை.
பம்பலப்பிட்டி மண்டபங்களில் கல்யாணம் எடுத்தோம்.
தாலி கட்டும் நேரம்
யாரோ ஒரு பெரியம்மாவின் முகத்தில்
அவள் கமரா தங்கிவிடும்.
இரண்டு வீட்டார் மிச்சக் காசு தரவில்லை.

நாலாவது மின்வெட்டுக் காலத்தில்.
தெமட்டகொடை, ஒன்றரை அறை வீடு.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை,
மெழுகுதிரியில் எடுத்தோம்.
"ஒரு நிமிஷம்" என்றாள்.
பிரிட்ஜ் இல்லை. விசிறி இல்லை.
பக்கத்து வீட்டு டீவி இல்லை.
வீதியில் ஓர் ஓட்டோகூட இல்லை.
அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக
அறை ஒன்றும் சொல்லவில்லை.
நாற்பதாம் விநாடியில் அவளே பயந்து
"கட்" என்றாள்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை:
கொட்டாஞ்சேனையில் அன்று
மெஷினை நிற்பாட்ட மறந்துவிட்டேன்.
ஞானப்பிரகாசத்தின் கேள்வி பதிவாகியிருக்கிறது.
கேள்விக்கு முன் அவர் இழுத்த மூச்சும்.
நான்கு படத்திலும் எங்கோ ஓரிடத்தில்
அந்த மூச்சை வைத்திருக்கிறாள்.
கேள்வி தொடங்குமுன் வெட்டிவிடுகிறாள்.
தணிக்கைச் சபைக்குக் கேட்கவில்லை.
இரண்டு பக்கம் எழுதியவருக்கும் கேட்கவில்லை.

நேற்று இரவு போன் பண்ணினாள்.
ஐந்தாவதுக்குக் காசு இன்னும் வரவில்லை,
வியாழன் தொடங்குகிறோம், வா.
வீட்டுக்காரி
பிரிட்ஜை நிற்பாட்டட்டுமா என்று கேட்கிறாளாம்.
"வேணாம்னு சொல்லிட்டேன்.
ஓடட்டும்."