1981-ஆம் வருடப் பெட்டி

வக்கீல் கேட்டது காப்பீட்டுப் பத்திரங்களை மட்டும்.
எந்தக் கம்பெனி, எத்தனை லட்சம்,
யார் கையெழுத்து.
சட்டம் மாறிவிட்டது;
வயது கடந்தவர்களும் இனி வழக்குப் போடலாம்,
பள்ளியின் மீதும், மாவட்டத்தின் மீதும்.
அந்தக் கம்பெனிகளில் பாதி பெயர் மாற்றிக்கொண்டன.
மீதி செத்துப்போயின.
பிணத்தின் சட்டைப்பையில் சில்லறை தேடச் சொல்லி
என்னைக் கிடங்குக்கு அனுப்பினார்கள்.

நான் ஆர்ஷலூஸ், பதிவேட்டு குமாஸ்தா.
பள்ளிப் பேருந்துகள் நிற்குமிடத்துக்குப் பின்னால் தகரக் கிடங்கு.
வெளியே பாதாம் மரங்களை இயந்திரம் பிடித்து உலுக்கும் மாதம்.
தூசி கதவிடுக்கில் புகுந்து
எல்லா வருடத்துக்கும் ஒரே நிறம் பூசியிருந்தது.
டீசல் ரசீது. பால் பாக்கெட் கணக்கு.
ஏழு ட்ரம்பெட் வாங்கிய பில்.

அப்புறம் அந்த மஞ்சள் சீட்டு.
பென்சில் எழுத்து:
“ஆறாம் வகுப்பு டேரில் சில்வேரா
பள்ளி விட்டதும் இசையறைக்குப் போக மறுக்கிறான்.
தாய் வந்திருந்தார். பேசியாயிற்று.”
கீழே வேறொரு கை, மையில்:
“முடிந்தது.”

முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்திருக்கிறார்கள்.
சீட்டைத் திருப்பினால்
இன்னும் விரலில் தட்டுகிறது.

தலைநகரில் இப்போது இன்னொரு மசோதா,
திறந்த கதவைக் கொஞ்சம் சாத்தலாமா என்று.
எங்கள் கண்காணிப்பாளரும் போய்ப் பேசினார்.
அவர் கெட்டவர் இல்லை.
“இது இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பணம்” என்றார்.
போகக்கூடியவை: ஒரு நூலகர், இரண்டு பேருந்துத் தடங்கள்,
குரலைத் தாழ்த்தி, இசை வகுப்பு.
கணக்கு சரிதான். தட்டச்சு செய்தவள் நான்.

மதிய உணவோடு போனில் பார்த்தேன்:
அவர் எழுந்த நாற்காலியில் டேரில் உட்கார்ந்தார்.
ஐம்பத்தைந்து வயது, கிணற்று மோட்டார் பழுது பார்ப்பவர்.
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
பச்சை விளக்கு எரிந்தவரை
மைக்கைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.
மஞ்சளில் சொன்னார்:
“ஏன் இத்தனை வருடம் என்று கேட்கிறீர்கள்.
என் மகனுக்குப் பதினொன்று ஆனபோதுதான்
பதினொன்று எவ்வளவு சின்னது என்று பார்த்தேன்.
அப்போதும் சொல்லவில்லை.
அவனுக்கு இப்போது முப்பது.”
சிவப்பு.
தலைவி நன்றி சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நீதிமன்றம் வாய்தா கொடுப்பது வாரக்கணக்கில்.
இவர் தனக்குத் தானே வாங்கியது
நாற்பத்துநான்கு வருடம்.

பத்திரமும் கிடைத்தது.
அதே பெட்டி, நாலு அங்குலம் கீழே.
கம்பெனி உயிரோடுதான் இருக்கிறதாம்;
அலுவலகத்தில் யாரோ கைதட்டினார்கள்.
நான் பதினேழாம் பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன்:
மாவட்டத்துக்கு முன்பே தெரிந்திருந்தால்
இது செல்லாது.

ஒரு பத்திரம், ஒரு சீட்டு.
ஒன்று இருந்தால் மற்றொன்றுக்கு உயிரில்லை.
கேட்டது பத்திரத்தை மட்டும்.
குப்பைக்கூடை என் காலடியில்தான்,
பாதி நிறைந்து, சாதுவாக.

இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன்.
பெருமைப்பட ஒன்றுமில்லை. இரண்டு நாள்.
ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினான்கு மாதம்
என்பதையும் அதில் ஒரு நாள் எண்ணினேன்.

மூன்றாம் நாள் பெட்டியின் அடியில் இன்னொரு ரசீது:
கண்ணாடிக் கடை.
இசையறைக் கதவுக்கு ஒரு சதுரக் கண்ணாடி,
பொருத்துக் கூலியோடு முப்பத்தெட்டு டாலர்.
தேதி, மஞ்சள் சீட்டுக்கு ஒன்பது நாள் கழித்து.

எண் போட்டேன்.
நூற்றுப் பதினாலு, பத்திரம்.
நூற்றுப் பதினைந்து, சீட்டு.
நூற்றுப் பதினாறு, கண்ணாடி.
மூன்றையும் ஒரே உறையில்.

தபாலறைக்கு இசையறையைத் தாண்டித்தான் போகவேண்டும்.
உள்ளே ஒரு பிள்ளை
ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பிசகாக ஊதிக்கொண்டிருந்தாள்.
நின்று பார்த்தேன், அந்தச் சதுரத்தின் வழியாக.
பன்னிரண்டு வயதுப் பையன்
எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில்
வைத்திருக்கிறார்கள்.