ஐந்தாம் ஜுரம்

யாரோ தட்டி எழுப்பினதுபோல்
இரண்டே முக்காலுக்கு விழித்துக்கொள்கிறேன்.
யாரும் தட்டவில்லை.
நெஞ்செலும்புக்கு நடுவில் ஓர் அடுப்பு பற்றி
கழுத்துக்கு, காதுமடலுக்கு, மயிர்க்காலுக்கு ஏறுகிறது.
கார்த்திகை மாசத்துக் கெலமங்கலம்.
பக்கத்தில் திம்மராயன் இரண்டு கம்பளிக்குள் சுருண்டிருக்கிறார்.
நான் ரவிக்கை ஊக்கைக் கழற்றிவிட்டு
சிமெண்டுத் தரையில் முதுகை ஒட்டிக் கிடக்கிறேன்.
ஐந்து நிமிஷம்.
பிறகு அதே வேர்வையில் குளிர்.

தூக்கம் அவ்வளவுதான்.
சொசைட்டிக் கடன், மகள்,
மூன்று வருஷம் முன்னால் நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை,
எல்லாம் பை தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்.
அதுகளுக்கு முன்னால் எழுந்து
புழு வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

கதவைத் திறந்தால் மழைச் சத்தம்:
இருநூறு முட்டைப் புழு மல்பெரித் தழையை மேய்கிறது.
மூலையில் கரி அடுப்பு, சுவரில் வெப்பமானி.
இருபத்தைந்து. நல்லது.
சித்திரையில் அது இருபத்தெட்டைத் தொட்டால்
சன்னலுக்குச் சன்னல் ஈரச்சாக்கு கட்டுவோம்,
கூரைமேல் தண்ணீர் தெளிப்போம்,
பட்டு ஆபீஸ் சார் போன் போட்டுக் கேட்பார்,
"சூடு எவ்வளவும்மா?"
புழுவுக்கு.

புழு தோலுரிப்பதை இந்தப் பக்கம் ஜுரம் என்போம்,
கன்னடத்துக்காரர் வாயிலிருந்து எங்கள் வாய்க்கு வந்தது.
ஜுரத்தில் அது தின்னாது.
தலையைத் தூக்கி, எதையோ யோசிப்பதுபோல் நிற்கும்.
தழை போடமாட்டோம், தொடமாட்டோம்,
சுண்ணாம்பைத் தூவிவிட்டு விலகிவிடுவோம்.
பழைய தோலைப் பின்னால் விட்டுவிட்டு வரும், அகோரப் பசியோடு.
அப்படி நாலு தடவை.
ஐந்தாவது அதுக்குக் கிடையாது.

எனக்கு நாற்பத்தெட்டு.
தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரியில் சிஸ்டர் கேட்டாள்,
"கடைசியா எப்போ தலைக்கு ஊத்தினே?"
தர்மபுரிக்குக் கூடு விற்கப் போன அன்றைக்கு.
அதற்கு முந்தினது ஆடியில்.
நடுவில் ஒன்று வந்தது, இரண்டு நாளில் பாதியில் போனது.
"இதெல்லாம் எழுதி வை. முழிக்கிற நேரத்தையும் எழுது.
டாக்டரம்மா பார்க்கட்டும்."

எங்கள் வீட்டில் எழுதுகிற இடம் ஒன்றுதான்,
புழு வீட்டுக் கரும்பலகை.
தேதி, தழை, சூடு, ஈரம்.
அதன் கீழே ஓரமாய்
2.45 சூடு. 4.10 மறுபடி சூடு.

மூன்றாம் நாள் காலை திம்மராயன் படித்துவிட்டார்.
"எந்தத் தட்டு?"
கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுக்கு அடுக்காய்த் தேடினார்.
வாடின புழு ஒன்றுகூட இல்லை.
கரி அடுப்பை வெளியே வைத்தார்,
வெப்பமானியைக் கழற்றி உதறினார்.
"இது பொய் சொல்லுது. ஓசூர் போய்ப் புதுசு வாங்கியாறேன்."

சிரிப்பு வந்துவிட்டது.
தழைக் கட்டின்மேல் உட்கார்ந்து
வயிறு வலிக்கச் சிரித்தேன், நாலு மாசத்தில் முதல் தடவை.
"நான்தான் அந்தத் தட்டு."

பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இன்றைக்கு விழித்தபோது இரண்டு ஐம்பது.
புழு வீட்டில் நிற்கையில் மகள் அழைத்தாள்,
நைட் ஷிப்டில் டீக்கு விட்டிருக்கிறார்கள்.
"முழிச்சிருப்பேன்னு தெரியும்" என்றாள்.
"அங்க மழையாம்மா?"
"இல்லடி. தின்னுதுங்க."

திரும்பி வந்து பார்த்தால்
என் பாய்க்கு மேல் சன்னலில் ஓர் ஈரச்சாக்கு.
சரியாகப் பிழியவில்லை, தலையணையில் சொட்டுகிறது.
கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டு
தூங்குவதாகக் காட்டிக்கொண்டு
நடுங்குகிறார் மனுஷர்.

மறுபடி போய் எழுதினேன்.
2.50 சூடு.
சாக்கு ஒன்று.
தூக்கம் இன்னும் இல்லை.