செவ்வாய்க்கிழமைக்காரன்

பதினோரு வருஷம் தவணை வசூலித்தேன்.
நீடாமங்கலம் தாண்டி, பாமணியாற்றின் கரையோரம்
ஏழு ஊர், நாற்பத்திரண்டு குழு.
என் பைக் சத்தத்துக்கும்
கொல்லைக்கதவு சாத்துகிற சத்தத்துக்கும் நடுவே
எத்தனை விநாடி என்பது
வீட்டுக்கு வீடு எனக்குத் தெரியும்.

முப்பத்தெட்டு வயதில்
தஞ்சாவூரில் ஒரு வகுப்புக்குள் போனேன்.
டயாலிசிஸ் டெக்னீசியன், இரண்டு வருஷப் படிப்பு.
பிள்ளைகள் எழுந்து குட்மார்னிங் சார் என்றார்கள்.
கடைசி பெஞ்சில் நான் உட்கார்ந்த பிறகுதான்
அவர்களும் உட்கார்ந்தார்கள்.
சிறுநீரகம் வரைந்து வரைந்து
ஒரு ரப்பர் முழுசாகத் தேய்ந்தது.
முதல் வருஷம் பைக்கை விற்ற பணம்.
இரண்டாம் வருஷம் வேம்பரசியின் வளையல்;
அதற்கும் வட்டி ஓடியது,
நானே கட்டினேன், தேதி தவறாமல்.

இப்போது மன்னார்குடியில்
எட்டுக் கட்டில், எட்டு இயந்திரம்.
சம்பளம் பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.
யாரும் என்னைப் பார்த்து ஒளிவதில்லை
என்று எழுத ஆசைதான்.

லூர்துமேரி வந்தாள்.
செவ்வாய், வியாழன், சனி.
ஒரு ஐப்பசியில் அவள் வாசலில்
இரவு ஒன்பதேகால் வரை உட்கார்ந்திருந்தவன் நான்.
அறுநூற்று எழுபது ரூபாய்.
மூக்குத்தியை எங்கோ கொடுத்து மாற்றி
நனைந்துகொண்டே வந்து எண்ணி வைத்தாள்.

கட்டிலில் கையை நீட்டியவள்
முகக்கவசத்துக்கு மேலே என் கண்ணைப் பார்த்தாள்.
கையை மடக்கிக்கொண்டாள்.
"இப்பவும் செவ்வாக்கெழமதானா?"

மூன்று வாரம் நர்கீஸ்தான் அவளுக்கு ஊசி போட்டாள்.
நான் எடை பார்த்தேன், தாள் எழுதினேன்.
நாலாவது வாரம் நர்கீஸின் அக்காவுக்கு நிக்காஹ்.

விரல் வைத்தேன்.
தோலுக்கடியில் அந்த அதிர்வு:
மதகுப் பலகையை ஒரு சாண் தூக்கிவிட்டுக்
கை வைத்தால் தெரியுமே, அது.
பதினாறாம் நம்பர் ஊசி. ஒரே குத்து.
குழாய் சிவந்தது.

"எடுக்கிறத எல்லாம் திருப்பித் தருமா இது?"
"தரும்."
"வட்டி?"
"தண்ணிய மட்டும் எடுத்துக்கும். ரெண்டரைக் கிலோ."
சிரித்தாளா, தெரியவில்லை.
அந்நேரம் பார்த்து இயந்திரம் கத்தியது,
குனிந்து குழாயை நேர்செய்தேன்.

நாலு மணி நேரம்.
கடைசியில் உப்புநீர் ஓடி
சிவப்பு ரோஸாகி, ரோஸ் வெளுக்கும்வரை
கண் எடுக்காமல் பார்த்தாள்.
"ஒரு சொட்டு நிக்கிது பாரு. அதையும் அனுப்பு."
அனுப்பினேன்.

ஊசி எடுத்த இடத்தைப்
பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.
பேச எங்களிடம் எதுவும் இல்லை.

"பாமணியில தண்ணி வந்துட்டா?"
"வந்துட்டு. நேத்து ராத்திரி."
"எவ்ளோ?"
"முழங்கால் இருக்கும்."

ஒரு நாளைக்கு அரை லிட்டர் அவளுக்கு அனுமதி.
உதட்டை நாக்கால் ஒருமுறை தடவிக்கொண்டு
"கலங்கலா?" என்றாள்.
கலங்கல்தான் என்றேன்.
விரலை எடுக்க
இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.