பொருள் எண் நாற்பத்தேழு

சுங்கை பீசியில்
இரண்டு அடுக்ககங்களுக்கு நடுவே
ஏரி என்கிறது பலகை.
காலையில் நாய்களோடு சுற்றி ஓடுகிறார்கள்.
ஈயம் கப்பலேறிப் போன பள்ளம் அது.
மழை வந்து குடியேறிவிட்டது.

இலாகாவுக்கு நான் பட்டியல் எழுதுகிறேன்.
பம்பு ஒன்று, துரு.
டூலாங் தட்டு ஒன்று, நடுவில் விரிசல்.
சம்பளப் புத்தகம், ஓரமெல்லாம் கரையான்;
உள்ளே வீராயியின் பெருவிரல்,
அடுத்த வரியில் லியூ மொய்யின் பெருவிரல்.
ஒரே மை.
கூலியில் மட்டும் பத்துக் காசு வித்தியாசம்.

இடம் என்ற கட்டத்தில்
லொம்போங் என்று எழுதினேன், சுரங்கம்.
மேலதிகாரி அடித்துவிட்டு
தாசிக் என்றார், ஏரி.
விலை ஏறுமாம்.

பம்புக்குக் கூரை போடலாம்.
ரேகைகளைக் கண்ணாடிக்குள் வைக்கலாம்.
பள்ளத்தை?
வேலிக்கு வெளியே
மண் லாரிகள் ஏழு, எஞ்சின் அணைக்காமல்.

நேற்று ஹாஷிமின் படகில் போய்
கல் கட்டிய கயிற்றை இறக்கினேன்.
அறுபது அடி வரை கை உணர்ந்தது.
பிறகு கையில் முடிச்சுதான் மிச்சம்.

இன்று மதியம், கடைசி வரி:
பொருள் எண் நாற்பத்தேழு, பள்ளம்.
நிலை: நன்று.
ஆழம்: கயிறு போதவில்லை.