நேற்று வழமையான நாளா?

கரடியனாற்றுச் சந்தியில் இறங்கி
வாய்க்கால் கட்டு வழியே ஒன்றரைக் கட்டை நடை.
தோளில் நிறை பார்க்கும் தராசு.
பையில் மிச்சப் படிவங்கள், புயம் அளக்கும் நாடா,
கரண்டிகளும் கோப்பைகளும் படமாய்க் கிடக்கும் புத்தகம்.

முதற் கேள்வி வயது.
இன்பமலருக்குத் தெரியாது.
"சூறாவளி அடிச்ச நேரம் நான் பால்குடியாம்.
கூரை பறந்ததும் தெரியாம நித்திரையாம்."
அந்தக் காற்றிலிருந்து கழித்துப் பார்த்து
நாற்பத்தாறு என்று எழுதினேன்.

பால்: பெண்.
இவளோடு பெண்கள் நாற்பத்தொன்பது.
ஆண்கள் மூன்று பேர்:
கால் முறிந்த அழகுத்துரை,
கண் மங்கிய அவரது தமையன்,
முதலாளியோடு சண்டை பிடித்து
அன்றைக்கு வேலைக்குப் போகாத ஒரு மேசன்.
மற்றவர்கள் பகலில் எங்கள் அறிக்கைக்கு வெளியே
வட்டையில், மண் லொறியில், கட்டாரில்.

திருமண நிலைக்கு நான்கு கட்டங்கள்.
புருஷன் பொலன்னறுவையில், இன்னொருத்தியோடு.
ஆனால் வெள்ளாமை வெட்டு முடிய
ஒரு மூட்டை நெல் தவறாமல் வரும்.
"அப்ப எதைப் போடுறது?"
"நெல்லு வாற மட்டும்
கலியாணம் முடிச்சவள் எண்டு போடு புள்ள."

வருமானத்துக்கு விரலை
இரண்டாம் வரியில் வைத்தாள்.
என் சம்பளமும் அந்த வரியில்தான் நிற்கிறது.
சொல்லவில்லை.
பேனையை ஒருதரம் உதறிக்கொண்டேன்.

நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள்?
சீனி தொட்டுப் பிளேன்ரீ.
பதினொரு மணிக்கு விசுக்கோத்து ரெண்டு,
இல்லை, ஒண்டு. மற்றது மகன் எடுத்தவன்.
மத்தியானம் சோறு, பொன்னாங்கண்ணிச் சுண்டல்,
மறுகா,
சேலைத் தலைப்பைச் சரிசெய்து நிமிர்ந்திருந்து
முட்டைப் பொரியல் என்றாள்.
முழு முட்டையா?
"முழு முட்டை."
அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும்.

கடைசிக் கேள்வி.
நேற்று வழமையான நாளா?
"இல்ல."
ஏன் என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை.
கேட்டேன்.
"நீங்க வாறதெண்டு ஜீஎஸ் சொன்னவர்.
ஒண்டுமில்ல எண்டு எழுத வைக்கலாமா?
பக்கத்து வீட்ட ரெண்டு முட்டை கைமாத்தா வாங்கின."

இரண்டில் ஒன்று எழுதியாயிற்று.
மற்றது அவித்து, கோது நீக்கி,
விளிம்பு உடைந்த பீங்கானில் உப்போடு வந்தது.
பங்குபற்றுவோரிடம் எதுவும் வாங்கி உண்ணக் கூடாது,
பயிற்சியில் இருதரம் சொன்னார்கள்.
காலையில் நானும் பிளேன்ரீயோடு வந்தவள்.
மஞ்சட்கரு நடுவில் இன்னும் சூடு.
அவள் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்,
நான் தின்று முடியும் வரைக்கும்.

ஐம்பத்து மூன்றாம் படிவம், பக்கத்து வீடு.
பூமாவதி. வயது ஐம்பத்தெட்டு. தனியே.
கோழி ஒன்று, கூடையில் அடை.
நேற்று?
சோறு, ஆணம், கொஞ்சம் கூனி.
முட்டை?
"இருந்த. குடுத்திட்டன்."
நேற்று வழமையான நாளா?
"ஓம். வழமதான்."